மார்ட்டிமர் வீட்டு மாடு

திண்டுக்கல் நாகல்நகரில் மார்ட்டிமர் என்று ஒருவர் இருக்கிறார் என்றால், கேட்பவர்கள் உடனே "எந்தப் பங்கு, எந்தச் சர்ச்?" என்பார்கள். எந்தச் சர்ச்சும் இல்லை. வத்தலக்குண்டு ரோட்டுப் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை அவர். வருஷம் தவறாமல் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிற வம்சம். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபது தாண்டியும் குரல் மட்டும் இன்னும் படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே ஏறச் சொல்கிற குரல்தான். இந்தப் பெயரைச் சுமந்துகொண்டு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் அவர் அப்பா பொன்னுச்சாமி.

பொன்னுச்சாமி பகலில் வக்கீல் குமாஸ்தா, பொழுது சாய்ந்தால் மேடைப் பேச்சாளர். கறுப்புக் கோட்டுப் போட ஆசைப்பட்டு, கோட்டுப் போட்டவரின் கேஸ் கட்டைச் சுமப்பதோடு நின்றுபோனவர். ஆனால் மைக்கைப் பிடித்துவிட்டால் எந்த ஜட்ஜும் அவரைக் குறுக்கிட முடியாது. அந்தக் காலத்து மேடைப் பேச்சாளர்கள் ஆளுக்கொரு வெளிநாட்டுக்காரரைக் கைவசம் வைத்திருந்தார்கள். ஒருவருக்கு ரஷ்யாக்காரர், ஒருவருக்குக் கிரேக்கத்துக் கிழவர், இன்னொருவருக்குப் பிரான்ஸ் தேசத்துப் புரட்சிக்காரர். உள்ளூர்க்காரன் சொன்னால் கொட்டாவி விடுகிற கூட்டம், வெள்ளைக்காரன் சொன்னான் என்றால் நிமிர்ந்து உட்காரும். பொன்னுச்சாமி பிடித்துவைத்திருந்தவர் சைலஸ் மார்ட்டிமர். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் வாழ்ந்த வக்கீல், அரசியல்வாதி. ஆபீஸ் அலமாரியில் கிடந்த பழைய ஆங்கிலச் சட்டப் புத்தகம் ஒன்றில் அந்தப் பெயரைப் பார்த்ததாகச் சொல்வார். அவரிடம் அப்படி என்னதான் கண்டாரோ, தலைச்சன் பிள்ளை ஆணாகப் பிறந்ததும் அந்தப் பெயரையே தூக்கி வைத்துவிட்டார்.

அம்மா பேச்சியம்மாளுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. நுழைய விடவும் இல்லை. தொட்டிலில் கிடந்த பிள்ளையை "மாரி" என்று கூப்பிட ஆரம்பித்தவர்தான், இன்றைக்கு எண்பத்தைந்து வயதுக்கு மேலாகியும் மாரியை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மாட்டி என்றார். ரேஷன் கார்டில் மார்ட்டி தனியாகவும் மர் தனியாகவும் வந்தது. டிப்போவில் சக கண்டக்டர்கள் "டேய் அமெரிக்கா, நிலக்கோட்டை டிரிப்பு உனக்குத்தான்டா" என்பார்கள்.

கூத்தில் பெரிய கூத்து அவர் கல்யாணம். பெயரை மட்டும் கேள்விப்பட்ட கல்யாணத் தரகர் ஒருவர், நல்ல கத்தோலிக்கக் குடும்பம் என்று நினைத்து, மரியராஜ் என்ற வாத்தியாரையும் அவர் வீட்டாரையும் பெண் ஜாதகம் இல்லாமல், ஞானஸ்நானச் சான்றிதழோடு அழைத்து வந்து இறக்கிவிட்டார். வந்தவர்கள் சுவரில் மாதா படத்தைத் தேடினார்கள். கிடைத்தது மீசை வைத்த கருப்பசாமி. எழுந்து போகப் பார்த்தவர்களைப் பொன்னுச்சாமி காபி கொடுத்து உட்கார வைத்தார். "தப்பா வந்துட்டோம்னு நினைக்காதீங்க. சரியாத்தான் வந்திருக்கீங்க" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினார். அது சம்பந்தப் பேச்சா, பொதுக்கூட்டமா என்று வந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் முடிவில் மரியராஜின் மகள் ஜோஸ்பின் அந்த வீட்டு மருமகளானார். வரலாற்று ஆசிரியையாக இருந்து அவரும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். "உங்கப்பா அன்னிக்கு வாயை மூடியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்று இன்றைக்கும் சொல்வார். சொல்லும்போது சிரிப்பார்.

இத்தனை இருந்தும் மார்ட்டிமருக்குத் தன் பெயர் மேல் ஒரு கர்வம் இருந்தது. அதற்குக் காரணம் சின்ன வயசில் அப்பாவோடு போன கூட்டங்கள். வேடசந்தூர், நத்தம், சின்னாளபட்டி, ஆத்தூர் என்று எங்கே கூட்டம் என்றாலும் அப்பா இவரையும் கூட்டிப் போவார். சந்தைத் திடலில் டியூப் லைட் கட்டியிருப்பார்கள். பூச்சி மொய்க்கும். வேப்பமரத்திலும் கம்பத்திலும் குழாய் ஸ்பீக்கர் கட்டி, மைக் செட் பக்ருதீன் "ஹலோ, ஹலோ" என்று ஊதிக்கொண்டிருப்பார். மேடைக்குப் பின்னால் சாக்கை விரித்து இவரைப் படுக்கப் போடுவார்கள். கண் சொருகும் நேரத்தில், நாலு பக்கத்துக் குழாயிலிருந்தும் அப்பாவின் குரல் "மார்ட்டிமர்!" என்று முழங்கும். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று திடுக்கிட்டு எழுந்து உட்காருவார். ஊரே தன் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக அப்புறம் வாழ்க்கையில் எதுவும் வாய்க்கவில்லை என்பது அவர் எண்ணம். கடைசி பஸ்ஸில் அப்பாவின் மடியில் தலை வைத்துத் திரும்பி வரும்போது, பனங்கற்கண்டு வாசனையோடு அப்பாவின் மூச்சு முகத்தில் படும்.

பொன்னுச்சாமி சொல்லும் மார்ட்டிமர் கதையை அந்த வட்டாரத்தில் மனப்பாடமாகச் சொல்ல ஆள் இருந்தது. அந்தக் கதையில் மார்ட்டிமர் ஏழைக் குடியானவன் மகன். சிறு வயசில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. பள்ளிக்கூடத்துக்குப் போனால் மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள் என்று, புளியும் சாம்பலும் போட்டுக் கையைத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டுப் போவார். அப்படிப் படித்து வக்கீலானார். ஏழைகளுக்காக வாதாடினார். பிறகு தேர்தலில் நின்றார். கட்டுத்தொகை கட்டக் கையில் காசில்லை. அவர் மனைவி, கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரே மாட்டை அவருக்குத் தெரியாமல் விற்றாள். பணத்தைத் தன் அண்ணன் கொடுத்ததாகச் சொன்னாள். மாடு வயிறு ஊதிச் செத்துப்போனது, அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொன்னாள். மார்ட்டிமர் தேர்தலில் தோற்றார். கட்டிய பணமும் போயிற்று.

இந்த இடத்தில் பொன்னுச்சாமி ஒரு மடக்குச் சோடா குடிப்பார். அப்புறம் குரலை இறக்குவார். ரொம்ப நாள் கழித்து மார்ட்டிமர் ஒரு வழக்குக்காகப் பக்கத்து மாகாணமான கென்டக்கிக்குப் போகிறார். ஒரு பூந்தோட்டக்காரர் வீட்டு முற்றத்தில் கட்டியிருந்த மாடு இவரைப் பார்த்ததும் கத்துகிறது. கயிறு இழுபட வந்து இவர் கையை நக்குகிறது. மார்ட்டிமருக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. வீட்டுக்குத் திரும்பிப் போனார், ஆனால் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் மறைத்ததை அவள் விருப்பப்படியே மறைவாக இருக்கவிட்டார். "கட்டுத்தொகை போனவன் மார்ட்டிமர். ஆனா கெட்டுப்போகாம அவனைக் காப்பாத்தினது ஒரு பொம்பளை. அந்த அம்மா பேரு என்ன?" என்று பொன்னுச்சாமி கேட்பார். "எலிசபெத்!" என்று சந்தைத் திடலே கத்தும்.

பொன்னுச்சாமி போய்ச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. போன மாதம் பக்ருதீன், கையில் தடியோடு, பேகம்பூரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார். மைக் செட்டை மகன் ஹஸ்ஸான் நடத்துகிறான். பெரியவர் சும்மா இருக்க முடியாமல் எதையாவது கிளப்பிக்கொண்டிருப்பார்.

"தம்பி, பொன்னுச்சாமி அண்ணனுக்கு இது நூறாவது வருஷம். எங்க பக்கத்து முச்சந்தியிலேயே ஒரு கூட்டம் போடுறோம். கட்சி கிட்சி எதுவும் இல்ல. பழைய ஆளுங்க மட்டும். நீங்கதான் பேசணும். மார்ட்டிமர் கதையை மார்ட்டிமர் வாயால கேக்கணும்னு எல்லாருக்கும் ஆசை."

"பாய், நான் பஸ்ஸுக்குள்ள கத்துனதோட சரி. மேடை ஏறுனதே இல்ல."

"நத்தத்துல மேடைக்குப் பின்னாடி தூங்குவீங்களே, நான்தானே போர்வை போத்துவேன். அம்புட்டு வருஷம் கேட்டவருக்கு வராதா?"

மறுக்க முடியவில்லை. மறுக்க மனசும் இல்லை. உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளுக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்கவில்லை. புருஷனின் கூட்டங்களுக்குப் போகிற வழக்கமே அவருக்கு இருந்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை போனார். மேடையைப் பார்த்து எவனோ சாணியை எறிந்தான். அன்றைக்கு எழுந்து வந்தவர் அப்புறம் அந்தப் பக்கம் தலை வைக்கவில்லை. பொன்னுச்சாமியும் மேடைப் பேச்சை மேடையோடு விட்டுவிட்டு வருகிறவர். வீட்டில் "சோறு போடு", "விளக்கை அணை" என்பதற்கு மேல் அவருக்குப் பேச்சு வராது.

"ஊருக்கெல்லாம் பேசுனாக. என்னைப் பத்தி ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, மேடையில எம்பொண்டாட்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாகளா? செத்தன்னிக்கு இரங்கல் கூட்டத்துல சோடாக்காரனுக்கு வரைக்கும் நன்றி சொன்னானுக. எம்பேரு எவன் வாயிலயும் வரல" என்றார். இது வருஷத்துக்கு நாலு தடவையாவது வருகிற புகார்தான்.

ஜோஸ்பினுக்கு வரலாறு படித்த புத்தி. பேசுகிறதென்றால் வருஷம், ஊர் எல்லாம் சரியாகச் சொல்ல வேண்டாமா என்று, செல்போனில் சைலஸ் மார்ட்டிமரைத் தேட உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து ஒஹையோவில் ஏதோ ஒரு சின்ன ஊரின் பழைய சங்கதிகளைத் தொகுத்து வைத்திருந்த பக்கம் ஒன்றில் ஆள் அகப்பட்டார். வக்கீல்தான். சட்டமன்ற உறுப்பினர்தான். படமும் இருந்தது. அப்பா சொன்ன ஒட்டிய கன்னமும் ஒல்லி உடம்பும் இல்லை. கழுத்தே தெரியாத சதை, தாடை வரை இறங்கிய கிருதா. அவருடைய அப்பா பெரிய மாவு மில்லுக்குச் சொந்தக்காரர். நின்ற தேர்தலில் எல்லாம் ஜெயித்தவர். கால்வாய் வெட்டுகிற விவகாரம் ஒன்றைத் தவிர வேறு எதற்கும் எழுந்து பேசியதாகத் தெரியவில்லை. பெரிய வீட்டில் வாழ்ந்து, நன்றாகச் சாப்பிட்டு, வயசாகி, படுக்கையில் செத்திருக்கிறார்.

"ஏங்க, இவர் கல்யாணமே பண்ணிக்கலையாம்" என்றார் ஜோஸ்பின்.

"வேற மார்ட்டிமரா இருக்கும், பாரு."

"பெயர் அதேதான். சட்டப் புத்தகம் எழுதினதா போட்டிருக்கு. அதே காலம், அதே ஊர்." கண்ணாடியைக் கழற்றி அவர் பக்கம் திரும்பினார். "நானும் கல்யாணமான நாளா இந்தக் கதையைக் கேட்டிருக்கேன். ஒரு தடவைகூட எனக்குத் தோணல பாருங்க. ஒஹையோவுல ஏதுங்க புளி?"

மார்ட்டிமர் போனை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தார். புளி! எத்தனை ஊர், எத்தனை ஆயிரம் பேர், எத்தனை வாத்தியார்கள். ஒருத்தர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு அப்பா பேசியிருக்கிறார். புளியும் சாம்பலும் கட்டுக்கதை என்றால் மாடும் கட்டுக்கதை, எலிசபெத்தும் கட்டுக்கதை. தான் இத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுமந்தது ஒரு மில் முதலாளி மகனின் பெயர்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளதைச் சொன்னால் ஊரறிய அப்பாவைப் புளுகர் ஆக்கியதாகும். அதுவும் நூறாவது வருஷத்தில், அவர் படத்துக்கு மாலை போட்டு வைத்துவிட்டு, பெற்ற பிள்ளையே. பழையபடி சொன்னால், பொய் என்று தெரிந்தே தன் பெயரைத் தானே முழங்க வேண்டும். பக்ருதீனுக்கு போன் போட்டு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று பல தடவை நம்பரை எடுத்தார். அதற்குள் ஹஸ்ஸான் நோட்டீஸ் அடித்து டவுன் பஸ் முதுகிலெல்லாம் ஒட்டிவிட்டான். தான் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு டிக்கெட் கிழித்த வண்டியின் பின்னாலேயே "மார்ட்டிமரைப் பற்றி மார்ட்டிமர்" என்று பார்த்தபோது, ஓடி ஒளிய இடமில்லை என்று தெரிந்துவிட்டது. அப்பா சொன்ன மாதிரியே சொல்லிவிட்டு இறங்கிவிடுவது என்று முடிவு செய்தார். பெருமைப்படத்தக்க முடிவு இல்லை. ஆனால் அப்பா முகத்தில் கரி பூசுவதைவிட இது மேல் என்று பட்டது.

கூட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம், புறவாசலில் துவைக்கிற கல் பக்கத்தில் நின்று சொல்லிப் பார்த்தார். ஜோஸ்பின் கடைக்குப் போயிருந்தார். பேச்சியம்மாள் நிழலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் மார்ட்டிமர் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் கண்டக்டர் குரல் மந்தக் காதுக்கும் எட்டிவிடும் என்பதை மறந்துவிட்டார்.

தோல் ஷாப் வந்தது. புளி வந்தது. அம்மா தலை நிமிரவில்லை. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்த மாட்டை அந்த அம்மாள் விற்றாள் என்ற இடம் வந்தபோது கீரை உருவுகிற கை நின்றது. அண்ணன் கொடுத்த பணம் என்றாள், மாடு வயிறு ஊதிச் செத்தது என்றாள் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார்.

"ஏலே மாரி. நிறுத்து."

"என்னம்மா?"

"இதை யாருடா உனக்குச் சொன்னது?"

"அப்பா சொல்ற கதைம்மா. அமெரிக்காவுல..."

"அமெரிக்கா கெடக்கட்டும். அந்த மாட்டை அவுக எங்க பாத்தாகளாம்?"

"கென்டக்கின்னு ஒரு ஊரும்மா. பூந்தோட்டக்காரர் வீட்டுல. கையை நக்குச்சாம்."

பேச்சியம்மாள் கீரைத் தட்டை அப்படியே தள்ளி வைத்தார். "கெட்டக்கியாம் கெட்டக்கி. நிலக்கோட்டைடா. நிலக்கோட்டையில மல்லியப்பூப் போட்ட மலைச்சாமிகிட்டத்தாண்டா நான் வித்தேன். எங்க வீட்டுச் செவலை மாடு. நீ அப்பத்தான் தவழுற. உங்கப்பா முனிசிபாலிட்டி எலெக்சனுக்கு நிக்குறேன்னு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாக. அவுக கோர்ட்டுக்குப் போன நேரத்துல, நானே கயித்தைப் பிடிச்சுக் கொடுத்தேன். வயிறு ஊதிச் செத்துப்போச்சுன்னேன். எங்கண்ணன் பணம் கொடுத்துச்சுன்னு சொன்னேன். எங்கண்ணனுக்கே தெரியாது. எங்காத்தாளுக்குத் தெரியாது. என்னையும் அந்த மலைச்சாமியையும் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாதுடா."

மார்ட்டிமர் துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நிலக்கோட்டைக்கு அப்பா எத்தனை தடவை பேசப் போயிருப்பார்! கூட்டம் ஏற்பாடு செய்கிறவர்கள் பூக்காரர்கள்தான். யாராவது சாப்பிடக் கூட்டிப் போயிருப்பார்கள். முற்றத்தில் செவலை நின்றிருக்கும்.

"அப்போ தோல் ஷாப்பு?"

"சின்னப் பிள்ளையில பேகம்பூரு ஷாப்புலதானே கெடந்தாக. கல்யாணமான பெறகும் புளி போட்டுக் கழுவுற பழக்கம் போகல. வெஞ்சனத்துக்கு வச்ச புளியெல்லாம் எடுத்துருவாகன்னு நான் சண்டை போடுவேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று முந்தானையை வாயில் வைத்து அழுதார். மார்ட்டிமர் தன் அம்மா இப்படி அழுது பார்த்ததில்லை. அப்பா செத்த அன்றைக்குக்கூட இப்படி அழவில்லை. "அவுக கடைசியா படுத்திருக்கையில சொல்லிருவோம், சொல்லிருவோம்னு பக்கத்துல போய்ப் போய் உக்காந்தேன். வாய் வரல. பொய்யோட அனுப்பி வச்சுட்டேனேன்னு இம்புட்டு வருசமா மருகிக்கிட்டுக் கெடக்கேன். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, ஊரு ஊராப் போயி அமெரிக்காக்காரி தலையில வச்சுச் சொல்லியிருக்காக. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?"

அது கோபமா, பூரிப்பா என்று அவருக்கே தெரிந்திருக்காது. புருஷன் மேடையில் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று காலமெல்லாம் குறைப்பட்டவர். அந்த மனுஷனோ பேசியதெல்லாம் அவரைப் பற்றித்தான் பேசியிருக்கிறார். இந்தச் சங்கதி வீட்டுக்கு வராமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. கூட்டத்துக்குப் போனவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள். எவளோ அமெரிக்காக்காரி மாடு விற்றதை வந்து பேச்சியம்மாளிடம் யார் சொல்லப் போகிறார்கள்? வீட்டில் மகன் எடுத்தாலும், மேடைக் கதை என்றதுமே அவர் எழுந்து போய்விடுவார்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு நானும் வாரேன்."

"கூட்டத்துக்காம்மா?"

"முன்னால ஒரு நாற்காலி போடச் சொல்லு. ஆனா ஒண்ணு, அவுக சொன்ன மாதிரியே சொல்லு. ஒரு எழுத்து மாத்தக் கூடாது. பொய் சொன்ன மனுசன்னு அவுகளை நாலு பேரு பேசிறக் கூடாது. எம்பேரு வரவே கூடாது, சொல்லிட்டேன்."

மார்ட்டிமர் சரி என்றார். அம்மாவின் கையைப் பிடித்துச் சத்தியமும் செய்து கொடுத்தார்.

மறுநாள் மாலை பேகம்பூர் முச்சந்தியில் கூட்டம் என்று சொல்லும்படி ஒன்றும் பெரிதாக இல்லை. நாற்காலிகளில் முக்கால்வாசி நரைத்த தலைகள். சின்னாளபட்டியிலிருந்து நெசவுக்காரர்கள் சிலர் வேன் வைத்து வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் பிரியாணிக் கடைப் பையன்கள் போனை நோண்டிக்கொண்டு நின்றார்கள். ஹஸ்ஸான் நவீனமாக இரண்டு கறுப்புப் பெட்டி ஸ்பீக்கர்கள் வைத்திருந்தும், பக்ருதீன் அடம்பிடித்து பரணிலிருந்து பழைய குழாய்களை இறக்கிக் கம்பத்தில் கட்டவைத்திருந்தார். மேடையில் பொன்னுச்சாமியின் படம், ரோஜா மாலையோடு. அதற்கு நேர் எதிரே, முதல் வரிசையில், சுங்குடிச் சேலை கட்டிப் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜோஸ்பின். இவ்வளவு காலத்துக்குப் பிறகு புருஷனின் மேடைக்கு எதிரே வந்து உட்கார்ந்த சங்கடத்தில், முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

மார்ட்டிமர் மைக் முன்னால் வந்து நின்றார். முதல் இரண்டு வாக்கியம் டிக்கெட் கேட்கிற மாதிரியே வந்தது. மூன்றாவதில் "சைலஸ் மார்ட்டிமர்!" என்றார். குழாய்கள் அதை வாங்கித் தெரு முழுக்க வீசின. மேடைக்குப் பின்னால் சாக்கில் படுத்திருக்கிற சிறு பையன் எழுந்து உட்கார்ந்த மாதிரி அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அப்புறம் குரல் தானாக வந்தது. அப்பா எங்கே ஏற்றுவாரோ அங்கே ஏறியது, எங்கே இறக்குவாரோ அங்கே இறங்கியது. பெரியவர்கள் சிலர் கூடவே உதட்டை அசைத்தார்கள். கையில் புளி தேய்க்கிற இடத்தில் ஒருவர் தன்னை அறியாமல் தன் கையைத் தேய்த்துக்கொண்டார்.

மாடு வந்தது. விற்றது வந்தது. தோற்றது வந்தது. மார்ட்டிமர் ஒரு மடக்குச் சோடா குடித்தார். பூந்தோட்டக்காரர் வீட்டு முற்றமும், கயிறு இழுபட வந்து கையை நக்கிய மாடும் வந்தபோது பேச்சியம்மாள் கண்ணைத் துடைக்கவில்லை. வழிகிறது தெரியாதவர் போலப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மா பேரு என்ன?" என்றார் மார்ட்டிமர்.

"எலிசபெத்!" என்று கூட்டம் கத்தியது. வயசான குரல்கள்தான், ஆனாலும் பழைய பலம் இருந்தது. பேச்சியம்மாளின் உதடும் அசைந்தது. அவரும் எலிசபெத் என்றுதான் சொன்னார். தன் மாட்டையும், தன் பொய்யையும், தன் புருஷன் காத்த மானத்தையும் யாரோ ஒருத்தியின் பெயருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, சரியாகச் சொல்லிவிட்ட பிள்ளை மாதிரி மகனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதை மார்ட்டிமரால் தாங்க முடியவில்லை. அம்மாவுக்குச் செய்த சத்தியம் நெஞ்சில் நிற்கத்தான் செய்தது. ஆனால் வாய் கேட்கவில்லை.

"இல்ல" என்றார். "அந்த அம்மா பேரு பேச்சியம்மாள்."

கூட்டத்துக்குப் புரியவில்லை. பையன் மறந்துவிட்டான் என்று நினைத்து ஒருவர் மறுபடியும் எலிசபெத் என்று எடுத்துக் கொடுத்தார்.

"அமெரிக்காவுல மார்ட்டிமர்னு ஒருத்தர் இருந்தாரு. அவரு பணக்கார வீட்டுப் பிள்ளை. தோல் ஷாப்பையே பாத்தவர் இல்ல. கல்யாணமும் கட்டல, மாடும் வளக்கல. ஷாப்புக்குப் போனது எங்கப்பா. புளி போட்டுக் கை கழுவுனது எங்கப்பா. எலெக்சன்ல தோத்தது எங்கப்பா. தன் கதையைத் தன் வாயால சொல்லக் கூச்சப்பட்டு, இந்த மனுசன் ஒரு வெள்ளைக்காரன் கோட்டைப் போட்டுக்கிட்டு வந்து சொன்னாரு. மாட்டை வித்தது எங்கம்மா. இந்தா, உங்களுக்கு முன்னால உக்காந்திருக்காக."

அவ்வளவுதான். அப்பாவை ஊர் முன்னால் புளுகர் ஆக்கிவிட்டோமே என்ற பயத்தோடு கூட்டத்தைப் பார்த்தார். பின்வரிசைப் பையன்கள் போனை இறக்கியிருந்தார்கள். சின்னாளபட்டிக்காரர் ஒருவர் மட்டும், "புளின்னப்பவே நெனச்சேன்யா, நம்மூரு ஆளாத்தான் இருக்கும்னு" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு முன்வரிசைப் பெரியவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, பேச்சியம்மாள் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள்.

பேச்சியம்மாளுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. ஜோஸ்பின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து மேடை விளிம்பு வரை வந்துவிட்டார். மகனைத் திட்டப் போகிறார் என்றுதான் மார்ட்டிமர் நினைத்தார். அவர் மகனைப் பார்க்கவே இல்லை. பக்ருதீன் தடியை ஊன்றி எழுந்து, மைக்கைக் கழற்றி, ஒயரை இழுத்துக்கொண்டு வந்து அந்த அம்மாளின் வாய்க்கு நேரே பிடித்தார். அது என்ன என்றுகூடக் கவனிக்காமல், மாலை போட்ட படத்தைப் பார்த்துப் பேச்சியம்மாள் கேட்டார்.

"அம்புட்டும் தெரிஞ்சுக்கிட்டுத்தானா எங்கூட இருந்தீக?"

கம்பத்தில் கட்டியிருந்த பழைய குழாய்கள் அதையே ஊருக்கெல்லாம் கேட்டன.